திரையில் ஒன்றும் தெரியக்கூடாது

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் இரண்டு அறிவிப்புகள். ஒன்று, செருப்பை வெளியே விடச் சொல்கிறது. மற்றது, கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே பார்த்துச் சொல்வதில்லை, சொன்னால் குற்றம் என்கிறது. உள்ளே கிடக்கும் எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கர்ப்பிணி இல்லை. ஆனால் ஸ்கேன் மெஷின் இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் பலகையும் இருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். நெஞ்சை மட்டுமே பார்க்கும் மெஷினுக்கும் விலக்கு கிடையாது.

காலை ஏழரை. முதுகலை மாணவி அந்த மெஷினைத் தள்ளிக்கொண்டு நான்காம் கட்டிலுக்கு வருகிறார். வயது இருபத்தேழு இருக்கலாம். ஆயா முதல் பெரிய சிஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் ‘மேடம்’. கட்டிலில் இருப்பவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நிமோனியா. வாயில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர். மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றை யாரும் அறுக்கவில்லை. அதை மேலே தள்ளிவிட்டு ஊசிக்கு பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள்.

“அய்யா, கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்” என்கிறார் மேடம். அய்யா மயக்க மருந்தில் இருக்கிறார். ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் ஜெல்லைப் பிதுக்குகிறார்.

ப்ரோப் விலா எலும்புகளுக்கு நடுவே நிற்கிறது. திரையில் இரண்டு கரிய நிழல்கள், அவை விலா. நடுவில் பளிச்சென்று ஒரு கோடு, நுரையீரலின் உறை. வென்டிலேட்டர் மூச்சைத் தள்ளும்போதெல்லாம் அந்தக் கோடு பக்கவாட்டில் வழுக்கி நகர்கிறது. அதற்குக் கீழே சம இடைவெளியில் கிடைக்கோடுகள். ஏ கோடுகள் என்று பெயர். அவை நுரையீரலே அல்ல. காற்றில் மோதிய ஒலி திரும்பத் திரும்ப எதிரொலித்து வரையும் போலிக் கோடுகள்.

காற்றுக்குள் அல்ட்ராசவுண்ட் போகாது, ஆகவே நுரையீரலுக்கு அது உதவாது என்றுதான் வெகுகாலம் பாடம் நடந்தது. பிரான்ஸில் தீவிர சிகிச்சை மருத்துவரான தானியேல் லிக்டென்ஸ்டைன் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்னவென்று அந்தப் போலிக் கோடுகளை வைத்தே சொல்லலாம் என்று, 2008-இல் ‘ப்ளூ’ என்னும் முறையை மெசியேர் என்பவருடன் சேர்ந்து வெளியிட்டார். நல்ல நுரையீரல் இந்தத் திரையில் தெரியாது, கெட்டால்தான் தெரியும். மேடம் தினமும் காலையில் தேடுவது, நேற்றுத் தெரிந்தது இன்று தெரியாமல் போயிருக்கிறதா என்பதைத்தான்.

ப்ரோப் பக்கவாட்டுக்கு இறங்குகிறது. இங்கே உறையிலிருந்து வெள்ளைக் கதிர்கள் திரையின் அடிவரை நேராக விழுகின்றன, ஓலைக்கூரையின் ஓட்டை வழியே வெயில் இறங்குவதுபோல. பி கோடுகள். காற்று இருக்கவேண்டிய இடத்தில் நீரும் அழற்சியும் புகுந்திருக்கின்றன. தனித்தனியாக மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அந்த இடத்துக்கு மார்க் 1. ஒன்றோடொன்று கலந்துவிட்டால் 2.

இனிமேல்தான் சிரமம். மல்லாந்து கிடப்பவருக்குச் சளியும் நீரும் முதுகுப் பக்கம்தான் தேங்கும். முன்நெஞ்சை மட்டும் பார்த்துவிட்டு மெஷினை நகர்த்துகிறவர்களும் உண்டு. அது பாதி வேலை. “சிஸ்டர், ஒரு கை கொடுங்க.” சிஸ்டர் குழாயைப் பிடித்துக்கொள்ள, வார்டு அண்ணன் தோளைத் தாங்கிச் சாய்க்கிறார். வென்டிலேட்டர் கத்துகிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வலது முதுகின் அடிப்பகுதி. இங்கே போலிக் கோடுகள் இல்லை. கல்லீரலைப் பார்ப்பதுபோல் கட்டியாக நுரையீரலே தெரிகிறது. அதற்குள் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொரு மூச்சுக்கும் கிளையோடி ஓடித் திரும்புகின்றன. மேடம் குனிந்து அதையே பார்க்கிறார். புள்ளிகள் அசையாமல் நின்றால், சளி அடைத்து நுரையீரல் சுருங்கிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஓடினால் மூச்சுக்குழல் திறந்திருக்கிறது, இது நிமோனியாதான். இந்த இடத்துக்கு 3.

பக்கத்துக்கு ஆறு இடம், மொத்தம் 12. முழுவதும் கெட்டிருந்தால் 36. மூன்று நாளைக்கு முன் தாளில் 23 என்று இருக்கிறது. இன்று கூட்டினால் 17.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார்.

“இதுல பெருசா மாற்றம் இல்லையேம்மா.”

“எக்ஸ்ரே தெளிய நாளாகும் சார். ஸ்கேன்ல முன்பக்கம் காத்து போகுது. ஆக்ஸிஜன் 60-லிருந்து 45-க்கு இறக்கியிருக்கோம். காய்ச்சலும் இல்ல.”

அவர் தாளை வாங்கிப் பார்க்கிறார். “அதே ஆன்டிபயாடிக் போகட்டும்.” அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

கதவோரம் மகன். நாற்பது வயதிருக்கும், கையில் பிளாஸ்க்.

“டாக்டரம்மா, அப்பாவுக்கு எப்படி இருக்கு?”

“முன்பக்கம் பரவாயில்லைங்க. முதுகுப் பக்கம் இன்னும் கட்டியாத்தான் இருக்கு.”

“குழாயை எப்ப எடுப்பீங்க?”

“இன்னைக்கு இல்ல. நாளைக்கும் பார்த்துட்டுச் சொல்றேன்.”

அவர் தலையாட்டுகிறார். எதற்கு என்று தெரியாமலே பிளாஸ்கை நீட்டி, உடனே பின்னிழுத்துக்கொள்கிறார்.

ஐந்தாம் கட்டில் விபத்தில் அடிபட்ட இளைஞன். நெஞ்சில் ட்யூப், சுற்றிலும் கட்டு. மேடம் ப்ரோப்பை வைத்ததும் தோல் நறநறக்கிறது. நுரையீரலிலிருந்து கசிந்த காற்று தோலுக்கடியில் பரவியிருக்கிறது. திரையில் விலாவின் நிழல்கூட இல்லை, வெறும் வெள்ளை மூட்டம். இங்கும் ஒன்றும் தெரியவில்லைதான். ஆனால் இதற்கு மார்க் போட முடியாது. இரண்டு இடம் மாற்றிப் பார்க்கிறார். அப்படியேதான் இருக்கிறது.

ப்ரோப்பைத் துடைத்து மாட்டுகிறார். “சிஸ்டர், எக்ஸ்ரே அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க. அஞ்சாம் பெட்டுக்கு, அர்ஜென்ட்.”