‘இது உன் பிஸ்டலுக்கு வேண்டாம்மா’ என்றவருக்கு

அண்ணா சாலைத் துப்பாக்கிக் கடைப் பெரியவருக்கு,

நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டதாகப் போன வாரம் கடையில் சொன்னார்கள். நேரில் சொல்லாமல் விட்ட நன்றியை ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் லைசன்ஸ் வாங்கிய கையோடு உங்களிடம்தான் ஓடி வந்தேன். நான் சுடுவது 25 மீட்டர் பிஸ்டல்; 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் நான்காம் இடம் பிடித்த அதே பிரிவு. பாயிண்ட் டூ டூ தோட்டாவில் 60 ஷாட். அதில் பாதி வேகச் சுற்று. ஒரு ஷாட்டுக்கு 3 விநாடிதான்.

வேகம் அதிகம் என்று அச்சிட்ட தோட்டாப் பெட்டியை நான் எடுத்தேன். நீங்கள் அதை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தீர்கள். “இது உன் பிஸ்டலுக்கு வேண்டாம்மா. ரவையைத் தள்ளுற அதே விசைதான் ஸ்லைடையும் பின்னால தள்ளணும். குறைஞ்சா காலி கேஸ் வாயிலயே மாட்டிக்கும். கூடினா ஸ்லைடு அடிவாங்கும்.” மூன்று கம்பெனித் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி மட்டும் கொடுத்து, சுட்டுப் பார்த்துக் குறித்து வரச் சொன்னீர்கள். எது சிக்காமல் ஓடி, ஒரே இடத்தில் கூடி விழுந்ததோ, அதே லாட் நம்பரில் மொத்தமாக எடுத்துவைத்தீர்கள். கம்பெனி பெயரை நம்பி வந்தவளுக்குத் தன் துப்பாக்கியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தீர்கள்.

காலி கேஸில் மருந்தடைத்து நாமே தோட்டா செய்யலாமே என்றும் ஒருநாள் கேட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. சுட்ட கேஸ் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பி, விளிம்பில் ஊசி பதிந்த பள்ளத்தைக் காட்டினீர்கள். தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது. நசுங்கிய விளிம்பு மறுபடி உதவாது. மற்ற ரகத் தோட்டாவானாலும், லைசன்ஸ் இல்லாமல் செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம் என்றீர்கள். “மருந்து குறைஞ்சா ரவை பாரலுக்குள்ளயே நின்னுடும். பின்னாலயே அடுத்தது போனா பாரல் வெடிக்கும். சத்தம் மெலிஞ்சா விரலை எடுத்துடு.”

அந்த வார்த்தைதான் என்னைக் காத்தது. உங்கள் கடையில் சரக்கு இல்லாத ஒரு சமயம் வேறிடத்தில் வாங்கிய பெட்டியோடு பயிற்சிக்குப் போனேன். வேகச் சுற்றில் மூன்றாவது ஷாட் ‘டப்’ என்று அமுங்கிக் கேட்டது. ஸ்லைடும் முழுதாக நகரவில்லை. பழைய நானாக இருந்தால் ஸ்லைடை இழுத்துவிட்டு அடுத்ததையும் சுட்டிருப்பேன். விரலை எடுத்தேன். மேகசினைக் கழற்றி, பிஸ்டலைப் பயிற்சியாளரிடம் கொடுத்தேன். அவர் பிரித்து, பாரலைத் தூக்கிப் பிடித்தார்; ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை. நடுவில் ஈயம் அடைத்து நின்றது.

இப்போது புதிதாக வரும் பிள்ளைகள் எந்தக் கம்பெனி நல்லது என்று என்னைக் கேட்கிறார்கள். மூன்று பெட்டி வாங்கிச் சுட்டுப் பார், லாட் நம்பரை எழுதிவை, சத்தம் மெலிந்தால் விரலை எடு என்கிறேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், உங்களைத்தான் சொல்கிறேன் ஐயா.

உங்கள் வாடிக்கையாளர், மயிலாப்பூர்