காலியிடத்தின் வேலையை யார் செய்கிறார்?

சிற்றூர் அரசு உயர்நிலைப் பள்ளி என்றாலே ஆசிரியர் காலியிடங்களைத்தான் கேட்கிறோம். இளநிலை உதவியாளர், அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர் இருக்கிறார்களா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த நாற்காலி காலியானாலும் வேலை காலியாவதில்லை. சம்பளப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புத் தேர்வர் பெயர்ப்பட்டியல், உதவித்தொகை விவரம், எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை) பதிவு எல்லாவற்றையும் யாராவது முடித்தே ஆகவேண்டும். அந்த ‘யாராவது’ ஒரு கணக்கு வாத்தியாராகவோ அறிவியல் டீச்சராகவோ இருந்தால், பதிவேட்டில் முழு ஆசிரியர், வகுப்பில் பாதி ஆசிரியர்.

எல்லாம் ஆன்லைன் ஆன பிறகு கிளார்க் எதற்கு என்பார்கள். ஆன்லைன் குறைத்தது தாளை. ஆள் வேலையை அல்ல. ஒரு பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால், அதைத் திருத்த அலைவது மனிதர்தான். செலவு என்பது அடுத்த ஆட்சேபம். தமிழக அரசின் 2017 ஊதியத் திருத்தத்தில் இளநிலை உதவியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. கூடுதல் சம்பளக்காரரைக் கொண்டு குறைந்த சம்பளக்காரரின் வேலையைச் செய்ய வைப்பதற்குப் பெயர் சிக்கனமா? சட்டத்தைப் பார்த்தாலும், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்த கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பத் தடை விதிக்கிறது. பள்ளி அலுவலகத்து மேசையிலேயே உட்கார்த்தி வைத்தால் அது ‘அனுப்புவது’ ஆகாது போலும். அதனால், ஆசிரியர் நியமனக் கோரிக்கையோடு அலுவலகப் பணியிடக் கோரிக்கையையும் ஒரே மனுவில் பெற்றோர் வைப்பதுதான் முறை.