காலனி இங்கே என்றால் ஊர் எங்கே?

சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறோம். கோவைக்கு வெளியே ஒரு காலனி. பெயர் வேண்டாம், உங்கள் பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கும். சமுதாயக் கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும் என்பதால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை இருபது பிள்ளைகள் வருவார்கள்.

போன மாதம் ஒரு விண்வெளிக் கதை சொன்னோம். பதின்வயதினருக்காக ஆங்கிலத்தில் இந்த வகைக் கதைகள் நிறைய வருகின்றன. வெப்பம் கூடும், கடல் ஏறும், பூமி வாழத் தகாத இடமாகிவிடும். பெரியவர்கள் கைவிரித்துவிடுவார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் சிலரைக் கப்பலில் ஏற்றி இன்னொரு கோளுக்கு அனுப்புவார்கள். அவர்கள் அங்கே புது உலகம் கட்டுவார்கள். நாங்கள் நாலைந்து கதைகளைக் கலந்து எங்கள் பாணியில் சொல்லி, "கடைசியில் செவ்வாய் கிரகத்தில் காலனி அமைக்கிறார்கள்" என்று முடித்தோம்.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"அக்கா, அங்க காலனி இருக்குதுன்னா, ஊரு எங்கீங்க இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை என்பது உறைத்தது.

கொங்கு நாட்டில் காலனி என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஊர் என்று ஒன்று இருக்கும். அதற்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமோ சுடுகாட்டுக்குப் போகிற வழியிலோ, காலனி என்று ஒன்று இருக்கும். வேலைக்குப் போன இடத்தில் "எந்தப் பக்கமுங்க வீடு?" என்று கேட்பவர்கள் முகவரி கேட்பதில்லை. பேருந்தில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லத் தயங்கி, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில், ஆதிக்கத்தின், தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்றோம். ஆனால் பலகையில் பெயரை மாற்றுவதால் வாய்க்கால் இடம் மாறிவிடாது. இங்கே அழிக்கப்படுகிற அந்தச் சொல்லை, எலான் மஸ்க் போன்றவர்கள் செவ்வாய்க்கு ஏற்றிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

அந்தப் பெண்ணின் கேள்வியோடு இந்தக் கதைகளைத் திரும்பப் படித்தோம். இரண்டு விஷயங்களை இவை பெரும்பாலும் பேசாமலே ஏற்றுக்கொள்கின்றன. ஒன்று, பேரழிவு எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும் என்பது. இரண்டு, போய் இறங்கும் கோள் வெறும் தரை, அங்கே எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்பது. முதலாவது பொய் என்று நமக்கு நன்றாகத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்து நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கிவைக்கப்பட்டது ஆவணங்களில் இருக்கிறது. 2015 சென்னை வெள்ளம் வடிந்த பிறகு குப்பையை அள்ளுவதற்கு மற்ற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். வெள்ளம் எல்லோருடைய வீட்டுக்குள்ளும்தான் வந்தது. அள்ளப் போனது யார்?

நமக்குப் பக்கத்தில் நடந்ததைச் சொல்வோம். 2019 டிசம்பர் 2, விடியற்காலை. மேட்டுப்பாளையம் நடூர் ஏடி காலனி. இரவெல்லாம் மழை. பக்கத்தில் இருந்த பெரிய வீட்டுக்காரர் காலனியை ஒட்டிக் கட்டியிருந்த, சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர் அப்படியே சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்துப்போனார்கள். சுவர் ஆபத்தானது என்று மக்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றுதான் அவர்கள் சொன்னார்கள், நாமும் சொன்னோம். நீதி கேட்டுக் கூடியவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தியது. தோழர்கள் சிறைக்குப் போனார்கள். வீட்டு உரிமையாளர் கைதானார், பிறகு பிணையில் வெளியே வந்தார்.

அந்த 17 பேரில் பதின்வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு தந்தை, இறந்துபோன தன் மகள், மகன் இருவரின் கண்களையும் தானம் செய்தார். சக மனிதர்கள் தன் பிள்ளைகளைப் பார்க்க விரும்பாமல்தான் அந்தச் சுவர் எழும்பியது. அந்தப் பிள்ளைகளின் கண்களை எந்தச் சாதி என்று கேட்காமல் அவர் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு இரவின் மழையை நேராகக் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்த விஷயம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். தாங்கியதைக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். இனி வரும் மழைகள் இப்படித்தான் இருக்கும். அந்த மழை எங்கே உயிரை எடுக்கும் என்பதை வானம் தீர்மானிப்பதில்லை. சுவர் எங்கே நிற்கிறது, யாருடைய வீடு அதன் அடியில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. காலநிலைப் பேரழிவு என்பது கதைகளில் எதிர்காலம். நடூரில் அது விடியற்காலை வந்துவிட்டுப் போய்விட்டது.

இந்தக் கதைகளே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இந்த வகையில் மிக முக்கியமான ஒரு நாவலை எழுதியவர் ஒரு கறுப்பினப் பெண். ஆக்டேவியா பட்லர். அவருடைய அம்மா வீட்டு வேலை செய்தவர். 'பேரபிள் ஆஃப் தி சோவர்' என்ற நாவலை அவர் 1993இல் எழுதினார். கதை 2024இல் தொடங்குகிறது. தண்ணீருக்குக் காசு, எங்கும் தீ, வேலை இல்லை. லாரன் என்ற பதினைந்து வயதுப் பெண், சுற்றுச்சுவர் எழுப்பிக்கொண்டு வாழும் ஒரு தெருவில் இருக்கிறாள். அந்தச் சுவர் ரொம்ப நாள் தாங்காது என்று அவளுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பெரியவர்கள் கேட்பதில்லை. சுவர் விழுகிறது. அவள் வடக்கு நோக்கி நடக்கிறாள். வழியில் தன்னைப் போல வீடிழந்தவர்களைச் சேர்த்துக்கொள்கிறாள். ஒருநாள் மனிதர்கள் விண்மீன்களுக்குப் போய் வேர்விட வேண்டும் என்பது அவள் கனவு.

நடூரையும் இந்த நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளோடு பேசினோம். லாரன் சுவருக்கு உள்ளே இருந்தவள். நம் பிள்ளைகள் வெளியே இருந்தவர்கள். ஆனால் சுவர் விழப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னதும், யாரும் காதில் வாங்காததும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அடுத்த நாவலின் முடிவில் விண்கப்பல் உண்மையாகவே புறப்படுகிறது. அதற்கு அவர்கள் வைக்கிற பெயர் கிறிஸ்டோபர் கொலம்பஸ். லாரனுக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. வாழ்நாள் முழுக்க உழைத்து உருவாக்கிய கனவின் நெற்றியிலேயே பழைய ஆக்கிரமிப்பாளரின் பெயரை எழுதிவிட்டார்களே என்று தோன்றுகிறது. நம் ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டதும் அதைத்தான். போகிற இடம் புதிதாக இருக்கலாம். எடுத்துக்கொண்டு போகிற பெயர் பழையதாக இருந்தால்?

அடுத்த வாரம் பிள்ளைகளிடம் தாளும் பேனாவும் கொடுத்தோம். "பூமி முடிஞ்சுபோச்சு. கப்பல்ல நூறு பேருக்குத்தான் இடம். கதைய நீங்களே எழுதுங்க" என்றோம்.

ஒருவன், கப்பல் வாசலில் வரிசையில் நின்று சாதிச் சான்றிதழ் காட்டுவதாக எழுதினான். தாலுகா ஆபீசில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை, கப்பல் போய்விட்டது. அவ்வளவுதான் கதை. படித்துவிட்டு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்னொரு பையனின் அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அவன் எழுதியிருந்தது: "எங்கம்மாவத்தான் மொதல்ல ஏத்துவாங்க. கப்பலக் கூட்டறதுக்கு ஆள் வேணுமில்ல." அதைப் படித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அவனுக்கு நாங்கள் ஓர் உண்மைக் கதை சொன்னோம். பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தனியாகத் தூய்மைப் பணியாளர் கிடையாது. விமானப்படை அதிகாரியாக இருந்தாலும் முனைவர் பட்டம் வாங்கியவராக இருந்தாலும் கழிப்பறையை அவரவர்தான் துடைக்க வேண்டும். வார இறுதியில் எல்லோரும் சேர்ந்து நிலையத்தைச் சுத்தம் செய்வார்கள். தண்ணீர் இன்னும் சுவாரசியம். அங்கே சிறுநீர், வியர்வை, மூச்சில் வரும் ஈரம் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்திகரித்துத் திரும்பக் குடிக்கிறார்கள். சுமார் 98 விழுக்காடு நீரை இப்படி மீட்க முடிந்துவிட்டது என்று 2023இல் நாசா சொன்னது. இன்று ஒருவருடைய வியர்வை, நாளை எல்லோருடைய காப்பி.

எங்கள் பாட்டிமார் டீக்கடை வாசலில் தேங்காய்ச் சிரட்டையில் டீ வாங்கிக் குடித்தவர்கள். அம்மாமார் காலத்தில் அது தனிக் குவளையானது. அந்தக் குவளைகளை வைத்துக்கொண்டு விண்வெளி நிலையத்தில் ஒரு நாள் ஓட்ட முடியாது. தொட்டால் தீட்டு என்பவர் அங்கே தாகத்தில் சாக வேண்டியதுதான். இதைச் சொன்னதும் அந்தப் பையன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அப்ப அங்க போனா இவங்கெல்லாம் என்னங்ணா பண்ணுவாங்க?" என்றான். நாங்கள் உண்மையைத்தான் சொன்னோம்: நிலையத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கும்வரை இந்த ஒழுங்கு தானாக நிற்கும். ஆயிரம் பேர் ஆனதும், "இந்த வேலைக்கு இவங்க" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். அப்போது அதை மறுத்துப் பேச அங்கே ஆள் இருக்க வேண்டும்.

விண்வெளி நமக்குத் தூரமான விஷயம் என்று நினைக்கிற தோழர்கள் உண்டு. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை என்று ஊர்கள். அங்கே கிடைக்கும் அனார்த்தசைட் பாறை நிலவின் மேட்டு நிலத்துப் பாறையை ஒத்தது. சந்திரயான்-2 திட்டத்துக்காக, நிலவில் இறங்கும் கலத்தையும் ஓடும் வண்டியையும் சோதித்துப் பார்க்க, அந்தப் பாறையிலிருந்துதான் நிலவு மண்ணைச் செய்தார்கள். நம் கொங்கு மண் அது. சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சி பக்கம் கோதவாடி என்ற கிராமத்து அரசுப் பள்ளியில் படித்தவர். வானம் இங்கிருந்து எட்டாத உயரத்தில் இல்லை. ஏணியை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்த ஏணியில் ஏற நினைத்த ஒருவரை நாம் மறக்க முடியாது. ரோஹித் வெமுலா. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழக விடுதியில் இறந்தார். கார்ல் சேகன் போல அறிவியல் எழுத்தாளர் ஆக வேண்டும் என்பதே தன் ஆசை என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அவரைப் பற்றிப் பேசும்போது அநீதியைப் பேசுகிறோம், போராட்டத்தைப் பேசுகிறோம். சரிதான். ஆனால் அவர் எழுதியிருக்க வேண்டிய புத்தகங்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. விண்மீன்களைப் பற்றி ஒரு தலித் இளைஞன் எழுதியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? அந்த அலமாரி காலியாகவே இருக்கிறது. வங்கத்தைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மொண்டால், பட்லர் பற்றிய ஒரு நூலின் இணைத் தொகுப்பாளராக 2018இல் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலுக்குப் போனார். ஒன்றிரண்டு பேர் ஆரம்பித்திருக்கிறார்கள். தமிழில் நம் பிள்ளைகள் எழுத வேண்டும்.

அறிக்கை, மனு, வழக்கு என்று ஓடிக்கொண்டிருக்கும்போது கதை எழுதச் சொல்வது ஆடம்பரமாகத் தோன்றலாம். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் மனுவில் நாம் நடந்ததை மட்டுமே எழுத முடிகிறது. நடக்க வேண்டியதை எழுத ஒரு இடம் வேண்டும். எதிர்காலத்தை மற்றவர்கள் எழுதினால் அதில் நமக்குத் துடைப்பத்தோடுதான் இடம் கிடைக்கும்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் தன் கதையைக் கடைசியாகப் படித்தாள். கப்பல் இறங்குகிறது. இருபது பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். எல்லோரும் இந்தக் காலனிப் பிள்ளைகள்தான். சிவப்பு மண்ணில் ஒரு பலகை நடுகிறார்கள். அதில் ஒரே சொல்: 'ஊர்'.

நாங்கள் கை தட்டினோம். அவளும் சிரித்தாள். ஆனால் சான்றிதழ் கதை எழுதிய பையன் விடவில்லை.

"சரி புள்ள, அடுத்த கப்பல்ல வர்றவங்கள எங்க வெப்பே?"

அவள் தாளைத் திரும்பிப் பார்த்தாள். "அத இன்னும் எழுதல" என்றாள்.

அதற்குள் இருட்டிவிட்டது, தெருவிளக்கு எரியவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இந்தச் சனிக்கிழமை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கப் போகிறோம். உங்கள் பகுதியில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் இதே நூறு இடத்துக் கதையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் எழுதுவதைத் திருத்தாமல் எங்களுக்கு அனுப்புங்கள்.

ஜெய்பீம்.