ஓரியின் மலையில் பின்பட்டை

காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கிருந்து அன்னாசியும் பலாவும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றி இறங்கும் பிக்கப் வண்டிகளின் பின்பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்தான். பாரம் தாங்குவதோடு அதன் வேலை முடிவதில்லை. பின் அச்சை இடம் மாறாமல் பிடித்து வைப்பதும் அதுவே. இறக்கத்தில் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் அச்சு முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கு முழுவதும் பட்டைக்குத்தான்.

பட்டையைச் சோதிக்க வண்டி சமதரையில் நிற்க வேண்டும், சக்கரங்களுக்கு அடைக்கட்டை வேண்டும். முதலில் பின்னால் தள்ளி நின்று, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். பிறகு கம்பி பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்தெடுக்க வேண்டும். மெயின் பட்டையின் கண்ணை ஒட்டியும் அடுக்குகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையிலும்தான் விரிசல் பிறக்கும். பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டுகளின் பிடிக்குள் துளை மறைந்திருப்பதால், ஓரத்தில் புதிதாகக் கசிந்த செந்துருவே துப்பு. சென்டர் போல்ட் முறிந்தால் அச்சு நகர்ந்துவிடும். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இருபுறமும் நாடா பிடித்தால் தெரியும். பழி சென்டர் போல்ட்டின் மேல் விழுந்தாலும், குற்றவாளி பெரும்பாலும் தளர்ந்த யூ போல்ட்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். வேட்டைக் கணக்கில் உடும்புவரை விடாமல் சேர்த்த புலவரின் கண்டிப்பு ரசிக்கத்தக்கது. வில்லும் பட்டையும் வளைந்து விசையைச் சேர்த்து வைப்பவை. ஆனால் வில் வாங்கியதை அப்படியே அம்புக்குக் கொடுத்தால்தான் அது வல்வில். பட்டை அப்படிக் கொடுத்தால் பின்பக்கம் துள்ளும். அடுக்குகள் ஒன்றோடொன்று உரசி விசையில் கொஞ்சத்தைத் தின்றுவிடுவதுதான் அதன் சிறப்பு. ஷாக் அப்சார்பர் தின்பது மிச்சத்தை.

தொய்ந்த பட்டையைப் பட்டறையில் அடித்து வளைவு ஏற்றலாம். முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் அந்த வளைவு நிலைக்காது. உடைந்ததை வெல்டு வைப்பது கூடவே கூடாது. கூடுதல் பட்டை சேர்க்கும் ஆசைதான் எல்லாவற்றிலும் மோசம். சில வண்டிகளில், பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்தே ஒரு வால்வு பின்பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கும். விறைத்த பட்டை அமுங்காது. வால்வு வண்டியைக் காலி என்று நம்பிவிடும். முழுப் பாரத்தோடு 70 வளைவுகள் இறங்கும்போது பின்பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும்.

பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளில் ரப்பர் புஷ் இருந்தால் எண்ணெய் படக்கூடாது. உலோகப் புஷ்ஷுக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஒழுகினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுவது நல்லது. கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதிது போட்டு, நட்டுகளைக் குறுக்கு வரிசையில் சமமாக இறுக்கி, சில நடை ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும்.