கம்பத்தின் காலடியில்

2025 மே 21 மாலை டெல்லியில் ஆந்தி எனப்படும் புழுதிப்புயல் அடித்தது. சஃப்தர்ஜங்கில் பதிவான வேகம் மணிக்கு 79 கிலோமீட்டர். லோதி சாலை மேம்பாலத்தருகே உயர்கோபுர விளக்குக் கம்பம் சாய்ந்து, மூன்று சக்கர வண்டியில் போன மாற்றுத்திறனாளி ஒருவர் இறந்தார். கட்டுமானங்களின் காற்றுச்சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875, டெல்லிக்கான காற்று வேகத்தை 1987லேயே வினாடிக்கு 47 மீட்டர் என்று நிர்ணயித்திருந்தது. அதாவது, மணிக்கு 169 கிலோமீட்டர். அதில் பாதிகூட இல்லாத காற்றுக்கே கம்பம் சாய்கிறதென்றால் காலடியில் என்னதான் நடக்கிறது? நண்பரான மின் பொறியாளர் என்னை ஒரு பராமரிப்புக் குழுவிடம் அனுப்பிவைத்தார்.

ரிங் ரோட்டில், சராய் காலே கான் பக்கம். இரவு பதினொரு மணிக்குமேல்தான் வேலை. நகருக்குள் லாரிகளை விடுகிற நேரமும் அதுதான். மிஸ்திரி பீகாரின் சஹர்சாக்காரர், ஐம்பதை நெருங்கியவர். வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடியே உட்காருகிறார்.

"மேலேயிருந்து விழுகிறதைவிடப் பின்னாலிருந்து வருகிறதுதான் ஆளைக் கொல்லும், சார்ஜி."

முதலில் கம்பத்தின் சிறு கதவைத் திறந்து, டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லையென்று உறுதிசெய்தார். கம்பத்தின் அடித்தகடான பேஸ் பிளேட்டை மூடிக் கிடந்த மண்ணை அள்ளிவிட்டுக் கம்பி பிரஷால் துருவைத் தேய்த்தார். பிறகு ஒவ்வொரு நட்டையும் சுத்தியலால் தட்டினார். இறுகிய நட்டு கணீரென்றது. ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது. என் காதுக்கே வித்தியாசம் தெரிந்தது.

நிற்கிற கம்பத்தில் ஒரு நேரத்தில் ஒரு நட்டைத்தான் கழற்றலாம். மரையைத் துடைத்துக் கிரீஸ் தடவி மாட்டினார். இறுக்கும்போது வட்டமாகப் போகவில்லை. ஒன்றை இறுக்கியதும் அதற்கு நேரெதிரே உள்ளதற்குத் தாவினார். வரிசையாக இறுக்கினால் பிளேட் ஒரு பக்கம் அமுங்கி, முன்பு இறுக்கியது தளர்ந்துவிடுமாம். எல்லாம் இறுகியபின் நட்டிலும் பிளேட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு. அடுத்த முறை வருகிறவர் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஒரு நட்டு தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்து போல்ட்டுகளுக்குப் போகிறது. காற்றில் கம்பம் ஆடுகிற ஒவ்வொரு முறையும் அவை இழுபட்டு, நாளடைவில் விரிசல் விடும். அமெரிக்காவின் அயோவாவில் 2003இல் 140 அடி விளக்குக் கோபுரமொன்று விழுந்தபின் மற்றவற்றைச் சோதித்தார்கள். பலவற்றில் நட்டுகள் தளர்ந்திருந்தன.

மிஸ்திரியிடம் இருப்பது ஸ்பேனரும், அதன் பிடியில் செருகி நீட்டிக்கொள்ள ஓர் இரும்புக் குழாயும்தான். குழாய் வழுக்கினால் பல் போகும். விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், அதிகாரி வருகிற அன்று மட்டும் ஒப்பந்ததாரரின் பீரோவிலிருந்து வெளியே வருமாம்.

கூலி கம்பக் கணக்கில். டெல்லியில் 2025 ஏப்ரலில் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 22,411 ரூபாயாக இருந்தது. ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர், ஆள் கொண்டுவருபவர் என்று மூன்று கை தாண்டி வரும்போது, அந்தத் தொகையை இவர் எந்த மாதமும் பார்த்ததில்லை. நிதானமாக இறுக்கினால் கம்பம் குறையும். கம்பம் குறைந்தால் கூலி குறையும். அவசரத்துக்குக் காசு கொடுத்துவிட்டுக் கவனத்தை எதிர்பார்க்கிறோம். மாற்றிய பல்புக்கு பில் உண்டு, இறுக்கிய நட்டுக்குக் கிடையாது.

பராமரிப்பு ஒப்பந்தங்களில் நட்டுச் சோதனைக்குத் தனித்தொகை ஒதுக்குங்கள். அதைச் செய்கிறவருக்கு நாள்கூலி கொடுங்கள். அதுவரை, கம்பம் விழுந்தால் காற்றின்மேல் பழி போட யாருக்கும் யோக்கியதை இல்லை.