இடுப்பைப் பிடிக்க ஒரு கை

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை மதுரைக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். தலைப்பிரசவத்துக்கு நாள் நெருங்கிக் காத்திருக்கிறாள் செட்டிப்பெண் ரத்னாவதி. துணைக்கு வரவேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. சிவன் அந்த அம்மாவின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து சேரும்வரை கூடவே இருந்தார். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். கடவுள் நினைத்திருந்தால் வெள்ளத்தை வடிய வைத்திருக்கலாம். வலியே இல்லாமல் பிள்ளையைக் கையில் கொடுத்திருக்கலாம். இரண்டையும் விட்டுவிட்டு, வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடிக்கும்.

இப்போது அப்படிப் பக்கத்தில் உட்காருவதற்கென்றே பயிற்சி எடுத்த பெண்கள் இருக்கிறார்கள். டூலா என்கிறார்கள். ஊசி போடமாட்டார்கள், கர்ப்பவாய் எத்தனை விரல் திறந்திருக்கிறது என்று சோதிக்கமாட்டார்கள், பிள்ளையை எடுக்கமாட்டார்கள். வலி தொடங்கியதிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை கூடவே இருப்பார்கள். சென்னை, பெங்களூரு, கொச்சிப் பக்கம் கேள்விப்பட்ட இந்த ஏற்பாடு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் ஐ.டி. பெண்களோடு சேர்ந்து மதுரைக்கும் வந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு அண்ணன் மகளோடு வந்தது.

“அம்மா இருக்கும்போது காசு கொடுத்து ஒரு ஆளா?” என்றார் அண்ணன். நானும் அதையே நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை. அவளே என்னிடம் சொன்னாள்: “அம்மா உள்ள வந்தா அழுவாங்க அத்தை. நான் வலியையும் பார்த்துக்கிட்டு அவங்களையும் சமாதானப்படுத்தணும். நீங்க வந்தா, ‘நான் பெத்தப்போ’ன்னு ஆரம்பிச்சிருவீங்க.”

பதில் சொல்ல முடியவில்லை. உண்மை அப்படி.

என் அப்பத்தா காலத்தில் மேலூர்ப் பக்கம் மருத்துவச்சிதான் எல்லாம். பெரும்பாலும் முடிதிருத்தும் சமூகத்துப் பெண். ராத்திரி எந்நேரம் ஆள் அனுப்பினாலும் வரவேண்டும். எண்ணெய் போட்டு வயிற்றை நீவி, முதுகைத் தாங்கி, பிள்ளையை வாங்கி, கொடி அறுத்து, தாயைக் குளிப்பாட்டி விடுவாள். கூலி கொஞ்சம் நெல்லும் ஒரு சேலையும். ‘தீட்டு வேலை’ செய்தவள் என்பதால் மறுநாள் கொல்லைப்புற வாசல்தான் அவளுக்கு. அந்தக் காலத்துப் பிரசவத்தை ஆஹா என்று எழுதுகிறவர்கள் இந்த வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள். எத்தனை தாய்மார்கள் அந்த அறைகளிலேயே செத்தார்கள் என்பதையும்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. யாரும் அதிலிருந்து திரும்பிப் போக வேண்டியதில்லை. 2018-இல் திருப்பூரில் ஒரு பெண் வீட்டிலேயே பிள்ளை பெற முயன்று செத்தே போனாள்; யூடியூப் பார்த்துப் பிரசவம் பார்த்தார்கள் என்று செய்தி வந்தது. டூலா என்றதும் சில டாக்டர்கள் முகம் சுளிக்கக் காரணம் இப்படி வீட்டிலேயே பிரசவம் பார்க்கிற ஆட்களோடு சேர்த்துப் பார்ப்பதுதான். டூலாக்களைப் பதிவுசெய்ய நம் நாட்டில் அரசுச் சட்டம் எதுவும் இல்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. சிசேரியனே கூடாது, டாக்டரை நம்பாதே என்று பேசுகிற டூலா கிடைத்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவது நல்லது.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மருத்துவச்சியின் கத்தியோடு அவளுடைய கையையும் சேர்த்து வெளியே விட்டுவிட்டோம். சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1990-களில் தமிழ்நாட்டில் தங்கி, பிரசவம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், 2003-இல் வந்தது. ஏழைப் பெண்கள் பிரசவ வார்டில் உறவினர் யாரும் இல்லாமல் கிடந்ததையும் வசவு கேட்டதையும் அதில் பதிவுசெய்திருக்கிறார். அந்த வசவுகளில் சிலதை இங்கே அச்சிட முடியாது. பிள்ளை பெற்ற நம் பெண்கள் பலருக்கும் மனப்பாடம்.

டூலா வேலைக்குப் பலன் உண்டு என்று முதலில் காட்டிய ஆய்வுகளில் ஒன்று குவாத்தமாலாவில் நடந்தது, 1980-இல் வெளியானது. நெரிசலான ஆஸ்பத்திரி, கூட யாரையும் விடுவதில்லை. சில பெண்களுக்கு மட்டும் முன்பின் தெரியாத, மருத்துவம் படிக்காத ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்தார்கள். முதுகு தடவினாள், கையைப் பிடித்துக்கொண்டாள், பேசிக்கொண்டிருந்தாள். சிக்கல் இல்லாத பிரசவங்களில், துணை இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து ஏறக்குறைய 9 மணி நேரத்தில் பிள்ளை பிறந்தது; இல்லாதவர்களுக்கு 19 மணி நேரத்துக்கு மேல். பிறகு பல நாடுகளில் 15,000-க்கும் அதிகமான பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை வந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும் அதே பக்கம்தான்: வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது.

அண்ணன் மகளுக்கு ஒரு விடியற்காலை வலி வந்ததும் அண்ணி சீரகக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். சூட்டு வலி என்றால் அடங்கிவிடும், பிள்ளை வலி என்றால் கூடும் என்பது கணக்கு. அந்த வாரம் மதுரையிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்த டூலா, “குடிக்கட்டும்மா, நல்லதுதான்” என்று போனில் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வந்தார். வலி கூடியது. பட்டாசாலையில் ஒரு பெரிய ரப்பர் பந்தில் இவளை உட்காரவைத்து, பின்னால் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பெலும்பின் இரு பக்கமும் வைத்து உள்நோக்கி அழுத்தினார். வலி ஏறும்போது பேச்சே இல்லை. இறங்கியதும் ஒரு வாய் இளநீர். மறுபடி வலி, மறுபடி அழுத்தம். அவருடைய மணிக்கட்டு நரம்பு புடைத்து நின்றதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் களைத்தபோது அண்ணியைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து இடம் காட்டிக் கொடுத்தார். அண்ணி அழ மறந்து அழுத்திக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில்தான் சிக்கல். தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். உள்ளே ஒரு ஆள் மட்டும் என்றார்கள். மாப்பிள்ளையா, அம்மாவா, அந்தம்மாவா என்று வராந்தாவில் பஞ்சாயத்து. அண்ணன் மகள் டூலாவின் கையை விடவில்லை. சாயங்காலம் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது என்று டாக்டர் ஆபரேஷன் முடிவெடுத்தார். டூலா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தியேட்டர் கதவுவரை போனார், அதற்குமேல் விடவில்லை. தாயும் பிள்ளையும் நலம்.

“அதான் சிசேரியன் ஆயிருச்சே, அப்புறம் எதுக்கு அவ்வளவு காசு?” என்று அண்ணன் இன்றைக்கும் கேட்பார். மகள் ஒருமுறைதான் பதில் சொன்னாள்: “என்னை யாரும் திட்டலப்பா.”

எனக்கு உறுத்துவது வேறு. 2004-லேயே தமிழ்நாடு அரசு, தன் ஆஸ்பத்திரிகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணையை அனுமதிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. 2016-இல் மத்திய அரசும் வழிகாட்டுதல் வெளியிட்டது: துணைக்கு வருகிற பெண் பிள்ளை பெற்றவளாக இருக்கவேண்டும், தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடை உடுத்தவேண்டும், ஆஸ்பத்திரி வேலையில் குறுக்கிடக்கூடாது, பக்கத்துப் படுக்கைக்காரியைக் கவனிக்கப் போகக்கூடாது. எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால் சந்தேகம்தான். ஆனால் வாடிப்பட்டியிலோ உசிலம்பட்டியிலோ அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண், “எங்கம்மாவை உள்ள விடுங்க” என்று கேட்க ஒரு தாள் இருக்கிறது. பெரிய தொகை கட்டித் தனியாரில் படுப்பவளுக்கு அந்தந்த ஆஸ்பத்திரி வைத்ததுதான் சட்டம். முன்பு சொன்ன 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன், அரசில் 36. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் துணை இல்லாமை மட்டும் என்று சொல்லவரவில்லை. நல்ல நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்களும் நம்மில்தான் இருக்கிறார்கள்.

டூலா வைக்க வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாரை உள்ளே விடுவீர்கள், எத்தனை பேரை, தியேட்டருக்குள்ளும் விடுவீர்களா என்று வளைகாப்புக்கு மண்டபம் தேடுகிற மாதத்திலேயே ஆஸ்பத்திரியில் கேட்டு, டாக்டர் கையால் ஃபைலில் எழுதி வாங்கிவிடுங்கள். நாங்கள் ஒன்பதாம் மாதத்தில்தான் கேட்டோம். “அப்போ பார்த்துக்கலாம்மா” என்றார்கள்.