வெள்ளை அரிசிச் சீமையில் ஒரு சிவப்புச் சோறு!

காவிரி டெல்டா என்றதும் பொன்னி அரிசியின் வெள்ளைச் சோறுதான் நினைவுக்கு வரும். ஆனால், இதே மண்ணில்தான் செக்கச்செவேலென விளைகிறது மாப்பிள்ளைச் சம்பா. இளவட்டக்கல்லைத் தூக்க வேண்டிய மாப்பிள்ளைக்குத் தெம்பு தந்த அரிசி என்பார்கள்.

இதன் சிவப்பு தவிட்டில் இருக்கிறது. உமியை மட்டும் நீக்கினால் நிறம் நிற்கும். பாலிஷ் போட்டால் நிறத்தோடு நார்ச்சத்தும் போய்விடும்.

வயலில் சுமார் 160 நாள் நிற்கும் பயிர் இது. ஆளுயரம் வளர்வதால் காற்றுக்குச் சாயும். குறைந்த நாளில் கூடுதல் விளைச்சல் தரும் குட்டை ரகங்கள் வந்ததும் ஓரங்கட்டப்பட்டது.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குப் போனால், பக்கத்தில் ஆதிரெங்கம். இங்கே நெல் திருவிழா நடத்தி 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டவர் ‘நெல்’ ஜெயராமன். 2 கிலோ விதை வாங்கும் விவசாயி, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு!

2018 டிசம்பர் 6-ல் அவர் மறைந்தார். விதை இப்போது விவசாயிகள் கையில். ஆனால், வாங்கிச் சாப்பிட ஆள் இருந்தால்தான் அடுத்த போகத்திலும் விதைப்பார்கள்.

டெல்டா பக்கம் போனால் பாலிஷ் போடாத அரிசியாகக் கேட்டு வாங்குங்கள். இரவே ஊறவைத்து, மறுநாள் கஞ்சியாகக் காய்ச்சிப் பாருங்கள்!